இரண்டே நாளில் நாற்பது தலைவர்கள்: நிறுவனங்களுக்கான கொல்லிமலைக் கையேடு

'நம் நிறுவனத்தில் தலைவர்கள் போதவில்லை' என்று மேலிடத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறதா? கலங்க வேண்டாம். மார்ச் 31க்குள் செலவழித்தாக வேண்டிய பயிற்சி நிதி கொஞ்சம் மிச்சம் இருந்தால் போதும். மற்றதைக் கொல்லிமலை பார்த்துக்கொள்ளும்.

ஏன் கொல்லிமலை? ஊட்டிக்குப் போனால் தணிக்கையாளர் 'சுற்றுலா' என்று எழுதுவார். கொல்லிமலைக்குப் போனால் 'பயிற்சி' என்று நம்புவார். நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையில், ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கிறது. செல்பேசியில் அவ்வப்போது சிக்னல் போகும். அதை 'டிஜிட்டல் விரதம்' என்று நிகழ்ச்சி நிரலில் போட்டுக்கொள்ளலாம். பலாவும் மிளகும் அன்னாசியும் விளையும் ஊர் என்பதால், தலைவர்கள் உருவாகாவிட்டாலும் வெறுங்கையோடு திரும்ப மாட்டீர்கள்.

மனிதவளத் துறையினர் இந்தக் கையேட்டை ஒரு படி விடாமல் பின்பற்றவும். ஒரு படியைத் தவறவிட்டால் உண்மையிலேயே தலைவர் யாராவது உருவாகிவிடும் ஆபத்து உண்டு.

தேவையான பொருட்கள்

வேன் இரண்டு. டி-சர்ட் நாற்பது, பின்பக்கம் 'நான் ஒரு தலைவன்' என்று அச்சடித்தது (பெண் ஊழியர்களுக்கும் அதே வாசகம்தான், தனியாக அச்சடித்தால் செலவு). நிர்வாக இயக்குநர் கைகட்டி நிற்கும் ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்று. கன்னத்தோடு ஒட்டிய மைக்குடன் பயிற்சியாளர் ஒருவர். நான்கு நிறத்தில் ஒட்டுச்சீட்டுகள். வாந்தி மாத்திரை ஓர் அட்டை, எலுமிச்சம்பழம் தேவைக்கேற்ப. சான்றிதழ் நாற்பது, பெயர் எழுதும் இடம் தவிர மற்றதெல்லாம் முன்கூட்டியே அச்சாகி, கையெழுத்தும் ஆகியிருக்க வேண்டும். யார் தேறுவார்களோ என்ற பதற்றம் ஒருவருக்கும் வரக்கூடாது.

படி 1: ஆளைப் பொறுக்குதல்

'தலைமைத் திறன் கொண்டவர்களின் பட்டியலை அனுப்புங்கள்' என்று துறைத்தலைவர்களுக்கு எழுதுங்கள். எந்த ஆள் இரண்டு நாள் இல்லாவிட்டாலும் வேலை நிற்காதோ, அந்த ஆளை அனுப்பிவைப்பார்கள். அதுதான் சரியான பட்டியல்.

உங்கள் கிடங்கில் ஒருவர் இருப்பார். தீபாவளிக்கு முந்தின வாரம் சரக்கு வராமல் போனபோது நாலு இடத்துக்கு ஃபோன் போட்டு, தன் பொறுப்பிலேயே ஒரு லாரியைத் திருப்பிவிட்டு, வாடிக்கையாளரைக் காப்பாற்றிவிட்டு, மறுநாள் 'யாரைக் கேட்டுச் செய்தீர்?' என்று திட்டும் வாங்கியவர். அவரை அழைக்காதீர்கள். அவர் வந்தால் கிடங்கு நின்றுவிடும். தவிர, அவருக்கு இந்தப் பயிற்சியே தேவையில்லை என்று தெரிந்துபோனால் மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் சங்கடம்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் நம்மவர்களின் பழைய வழக்கத்தைப் புரட்டிப் பார்க்கவே கூடாது. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், உத்திரமேரூர்ச் சபை கல்லில் வெட்டிவைத்த விதிகளைப் படித்தால் தலை சுற்றும். வயது 35க்கு மேல், 70க்குள். சொந்த நிலம், சொந்த மனை வேண்டும். கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கு இடமில்லை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது. மிஞ்சியவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். இதை உங்கள் நிறுவனத்தில் அமலாக்கினால் வேனில் ஓட்டுநர் மட்டும்தான் ஏறுவார்.

படி 2: மலையேற்றம்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி. அங்கே அடிவாரம். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதியிருக்கும்.

இந்த எண்ணிக்கை உங்களுக்குப் பெரிய வரம். தலைமைப் பயிற்சித் துறையில் '70-20-10' என்றொரு சூத்திரம் உண்டு. அமெரிக்காவில் உள்ள கிரியேட்டிவ் லீடர்ஷிப் மையத்தின் ஆய்வாளர்கள் 1980களில், வெற்றி பெற்ற நிர்வாகிகளிடம் 'நீங்கள் கற்றதை எங்கே, எப்படிக் கற்றீர்கள்?' என்று கேட்டு வாங்கிய பதில்களிலிருந்து பிறந்தது அது. கற்றதில் 70 பங்கு, கடினமான பொறுப்பைத் தோளில் சுமந்து வேலை செய்தபோது வந்தது. 20 பங்கு, மேலாளரோடும் சக ஊழியரோடும் பழகியதில். வெறும் 10 பங்குதான் வகுப்பறையில்.

இதை அப்படியே எடுத்துக்கொண்டால் பயிற்சி நிதியில் 90 பங்கைத் திருப்பித் தர வேண்டியிருக்கும். அது நடக்கிற காரியமா? ஆகவே கொல்லிமலை விளக்கத்தைப் பயன்படுத்தவும்: 70 என்பது வளைவுகள், 20 என்பது திரையில் ஓடும் ஸ்லைடுகள், 10 என்பது தேநீர் இடைவேளை நிமிடங்கள். கூட்டினால் நூறு வருகிறது. யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

முப்பதாவது வளைவுக்கு மேல் நிதித்துறைக்காரர் ஒருவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவார். 'சௌகரிய வட்டத்தைவிட்டு வெளியே வருகிறார்' என்று பயிற்சியாளர் கைதட்டச் சொல்ல வேண்டும். அதே சாலையில் வாழைத்தாரும் பலாவும் ஏற்றிய வண்டி எதிரே இறங்கிவரும். அதை ஓட்டுகிறவர் எந்த வளைவில் யார் ஒதுங்குவது என்பதைக் கண்ணாலேயே முடிவு செய்துகொண்டு போவார். அவரிடம் சான்றிதழ் இருக்காது. ஆகவே கவனிக்க வேண்டாம்.

படி 3: வல்வில் ஓரியைப் பயன்படுத்துதல்

மலைமேல் உள்ள செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கையொட்டி அரசே விழா எடுக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவன், கொல்லிமலைத் தலைவன். உள்ளூர் எடுத்துக்காட்டு கைவசம் இருக்கும்போது வெளிநாட்டுத் தொழிலதிபர் படம் எதற்கு?

ஓரி விட்ட ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் உடும்பையும் சாய்த்தது என்பது வன்பரணர் பாடிய புறநானூற்றுச் செய்தி. இதை ஸ்லைடில் போட்டு, 'ஒரு வளம், ஐந்து இலக்கு' என்று தலைப்பு வையுங்கள். ஐந்து பேர் பார்க்க வேண்டிய வேலையை இனி ஒருவரே பார்ப்பார் என்ற செய்தியை இதைவிட இலக்கிய நயத்தோடு சொல்ல முடியாது.

அந்தப் பாட்டின் மீதிப் பகுதியைக் காட்டிவிடாதீர்கள். தன் புகழைப் பாணர்கள் பாடக் கேட்டதும், வேடனாக நின்ற ஓரி நாணிப் போனானாம். தான் யார் என்று சொல்லிக்கொள்ளாமல், வேட்டையில் கிடைத்ததைப் பசித்து வந்தவர்களுக்கு ஊட்டி, பொன்னும் மணியும் கொடுத்து அனுப்பினானாம். தன் பெயரைக் கேட்டால் கூச்சப்படும் தலைவனை உங்கள் நிர்வாக இயக்குநரின் ஃப்ளெக்ஸுக்கு அடியில் வைத்துப் பேசுவது பொருத்தமாக இருக்காது.

ஓரியின் முடிவும் வேண்டாம். சேரனுக்காகப் போரிட்ட மலையமான் திருமுடிக்காரியின் கையில் அவன் இறந்தான். மலை சேரன் வசமாயிற்று. அண்மையில் இன்னொரு நிறுவனத்தால் கையகப்படுத்தப்பட்ட கம்பெனியாக உங்களுடையது இருந்தால், பங்கேற்பாளர்கள் இந்த இடத்தில் அழக்கூடும்.

கொல்லிப்பாவையின் கதையைத் தாராளமாகச் சொல்லலாம். சிரித்துக்கொண்டே ஆளைக் கொல்லும் பாவை அது. மனிதவளத் துறைக்கு அந்நியமாகத் தோன்றாது.

படி 4: விளையாட்டு

கண்ணை மூடிக்கொண்டு பின்னால் சாய்தல், கயிற்றில் தொங்குதல், பலூன் உடைத்தல். இவற்றுக்கெல்லாம் ஒரு மூதாதை உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது, 1941ல், குர்ட் ஹான் என்ற கல்வியாளரும் லாரன்ஸ் ஹோல்ட் என்ற கப்பல் முதலாளியும் வேல்ஸ் நாட்டு அபர்டோவியில் 'அவுட்வர்டு பவுண்டு' பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்கள். கப்பல் மூழ்கினால் இளம் மாலுமிகள் நடுக்கடலில் உயிர் பிழைக்க வேண்டும் என்பதற்காக ஏறக்குறைய ஒரு மாதம் நடந்த பயிற்சி அது. உங்கள் ஆட்கள் பிழைக்க வேண்டியது பஃபே வரிசையில் மட்டுமே என்பதால் ஒரு பிற்பகல் போதும்.

சேமியா போன்ற நீளக் குச்சிகளையும் ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாயையும் கொடுத்துக் கோபுரம் கட்டச் சொல்லும் போட்டியும் பிரபலம். இதில் எம்.பி.ஏ. மாணவர்களைவிட மழலையர் பள்ளிக் குழந்தைகள் உயரமாகக் கட்டியிருக்கிறார்கள். காரணம் எளிது: யார் தலைவர் என்ற சண்டையில் குழந்தைகள் நேரத்தை வீணாக்கவில்லை, கட்டினார்கள், விழுந்தது, மறுபடி கட்டினார்கள். இந்தத் தகவலைப் போட்டி முடிவதற்கு முன் வெளியிட வேண்டாம். முடிந்த பிறகும் வேண்டாம்.

உடல் திடமானவர்களை ஆகாயகங்கை அருவிக்கு அனுப்பலாம். அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்கும்போது எல்லாரும் தலைவர்கள். ஏறும்போதுதான் யார் யார் என்று தெரியும். முன்னால் ஓடி மேலே போய்ப் படம் எடுத்துப் போடுகிறவர் ஒருவர். மூச்சு வாங்கும் மூத்த ஊழியரோடு படிக்குப் படி உட்கார்ந்து, முடவாட்டுக்கால் கிழங்கு சூப் வாங்கிக் கொடுத்து அழைத்து வருகிறவர் ஒருவர். மதிப்பெண் முதலாமவருக்கு. நேரம் முக்கியம்.

படி 5: புதுமை

'புதிதாக ஏதாவது சிந்தியுங்கள்' என்று சொல்லி ஒட்டுச்சீட்டுகளை வழங்குங்கள். மஞ்சளில் யோசனை, பச்சையில் வாய்ப்பு, இளஞ்சிவப்பில் தடை. இளஞ்சிவப்புச் சீட்டில் யாராவது உண்மையான தடையை, அதாவது ஓர் ஆளின் பெயரை, எழுதிவிடக்கூடும். பயிற்சியாளர் முதலில் அந்த நிறத்தைப் படித்துப் பார்த்துக் கிழித்துவிட வேண்டும். மற்றதைச் சுவரில் ஒட்டி, படம் எடுத்து, சுவரைத் துடைத்துவிடுங்கள். புதுமைப் படலம் நிறைவு.

அரங்கின் ஜன்னல் வழியாகத் தெரியும் சரிவு நிலத்தை யாரும் உற்றுப்பார்க்காதபடி திரை போடவும். அங்கே மலையாளிப் பழங்குடி விவசாயிகள் தலைமுறைகளாகச் செய்துவருவது இன்னும் ஆபத்தான புதுமை. சாமை என்றால் ஒரே சாமை கிடையாது. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை என்று பல ரகம். கேழ்வரகிலும் சட்டைக் கேழ்வரகு, சுண்டாங்கிக் கேழ்வரகு, அரிசிக் கேழ்வரகு. ஒன்று சீக்கிரம் விளையும், ஒன்று தாமதிக்கும்; ஒன்று கல்லாங்காட்டுக்கு, ஒன்று நல்ல மண்ணுக்கு. மழை பிந்தினால் ஒன்று போகும், இன்னொன்று நிற்கும். எல்லாரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஒரே நாளில் விளைய வேண்டும், ஒரே டி-சர்ட் போட வேண்டும் என்று நினைக்கும் நிர்வாகத்துக்கு இந்தக் காட்சி நல்லதல்ல.

படி 6: ஊர் மக்களைச் சந்தித்தல் (மிக அபாயமான கட்டம்)

நிறுவனச் சட்டம் 2013, பிரிவு 135 இருப்பதால் சமூகப் பொறுப்புக்கென்று ஒரு படம் தேவைப்படும். அதற்காக ஊருக்குள் போகத்தான் வேண்டும். ஆனால் அரைமணிக்கு மேல் தங்கக்கூடாது. ஏன் என்பதைப் பொறுப்பாளர்கள் மட்டும் படிக்கவும்.

இந்த மலையில் சாமையும் தினையும் குறைந்துபோனதற்குப் பல காரணங்கள். ரேஷன் அரிசி வந்தது. கீழே சேலம், நாமக்கல் பகுதியின் ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி மேலே ஏறியது. அதில் காசு கையில் நின்றது. இன்னொரு காரணம் சாமையின் உமி. அதை உரலில் போட்டு உலக்கையால் குத்திக் குத்தித்தான் அரிசியாக்க வேண்டும். குத்துவது முழுக்கப் பெண்கள் வேலை. வயலில் வேலை பார்த்துவிட்டு வந்து மணிக்கணக்கில் குத்துவதற்கு, ரேஷன் அரிசியை உலையில் போடுவது மேல் என்று அவர்கள் முடிவு செய்ததில் குற்றம் சொல்ல முடியாது.

எம்.எஸ். சுவாமிநாதன் 1988ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் இங்கே வேலையைத் தொடங்கியது. 2001 முதல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் ஆதரவும் சேர்ந்தது. பாதுகாப்பு, சாகுபடி, உணவு, வணிகம் என்ற நான்கையும் ஒன்றாகக் கட்டினார்கள். தானியத்தைச் சேமிக்கும் பழைய 'தொம்பை' முறையை ஒட்டி ஊர் விதை வங்கிகள் வந்தன. விதை வாங்கியவர் அறுவடைக்குப் பின் கூடுதலாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். உமி நீக்கும் இயந்திரமும் மாவு அரைக்கும் இயந்திரமும் ஊருக்குள் வந்தன. பிறகு கூட்டமைப்பும் கட்டி, தானியத்தையும் மாவையும் விற்பனைக்குக் கொண்டுபோனார்கள்.

இதுவரை ஆபத்தில்லை. ஆபத்து, அந்த இயந்திரங்களை யாரிடம் ஒப்படைத்தார்கள் என்பதில் இருக்கிறது. சுய உதவிக் குழுக்களிடம் கொடுத்தார்கள். உலக்கை பிடித்துக் கை காய்த்துப்போன பெண்களிடமே கொடுத்தார்கள். படி அரைக்கக் கூலி எவ்வளவு, பெல்ட் அறுந்தால் யார் காசு, கரண்ட் இல்லாத நாளில் என்ன செய்வது, கடன் சொல்லிவிட்டுப் போகிற சொந்தக்காரரை எப்படிக் கேட்பது என்று ஒவ்வொன்றுக்கும் அவர்களே பதில் கண்டாக வேண்டும். இப்படிப்பட்ட கேள்விகளுக்கு ஒருவர் பதில் தேடத் தொடங்கினால் அவர் தலைவராக மாறிவிடுவார். டி-சர்ட்கூட வேண்டியதில்லை.

உங்கள் இளம் மேலாளர் ஒருவர் கூட்டத்தைவிட்டு விலகி, அரவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் குழுப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தால், எடுத்துக்காட்டாக இப்படி நடந்துவிடும்:

"அக்கா, இந்த மெஷினுக்கு யார் இன்சார்ஜ்?"

"இந்த மாசம் அவங்க. அடுத்த மாசம் வேற ஆளு."

"தலைவர்னு ஒருத்தர் இருக்கணுமில்லக்கா?"

"தலைவி இருக்காங்க தம்பி. ஆனா சாவி ஒருத்தருகிட்ட, நோட்டு ஒருத்தருகிட்ட, காசு இன்னொருத்தருகிட்ட."

"ஏன்க்கா அப்படி?"

"ஒருத்தருகிட்டயே இருந்தா மத்தவங்க எப்பத்தான் கத்துக்கிறது?"

"கணக்கைத் தப்பா எழுதிட்டா?"

"எழுதுவாங்கதான். கூட்டத்துல எல்லார் முன்னாலயும் படிக்கிறோமில்ல, அப்பத் தெரிஞ்சிடும். அடிச்சிட்டு மறுபடி எழுதுவாங்க."

"அதுக்கு யார் அப்ரூவல் குடுப்பாங்க?"

"என்னது தம்பி?"

இந்த இடத்தில் உடனே விசில் ஊதி, 'மதிய உணவு தயார்' என்று அறிவிக்கவும். மேலாளரை வேனில் தனியாக உட்கார வைக்கவும்.

படி 7: அதிகாரப் பகிர்வு

பயிற்சி முடிந்து அலுவலகம் திரும்பியதும் தலைவர்களுக்குப் பொறுப்பைக் கொடுங்கள். அதிகாரத்தைக் கொடுக்க வேண்டாம். இரண்டையும் ஒன்றாகக் கொடுப்பது தொடக்கநிலைத் தவறு. 'இந்தக் கிளை இனி உங்களுடையது' என்று தோளைத் தட்டுங்கள். கிளைக்கு மின்விசிறி வாங்க ஐந்து பேர் ஒப்புதல் வேண்டும் என்பதைப் பிறகு அவராகவே கண்டுபிடித்துக்கொள்வார்.

இதற்கு நேர்மாறாக நடந்த விவகாரம் நம் மாநிலத்திலேயே உண்டு என்பது வெளியே தெரியக்கூடாது. 1989ல் தர்மபுரி மாவட்டத்தில், அதே பன்னாட்டு நிதியத்தின் உதவியோடு, மகளிர் மேம்பாட்டு நிறுவனம் சுய உதவிக் குழுக்களைத் தொடங்கியது. 1992ல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோட்டத்தைத் தொடங்கியது. சொத்து ஜாமீன் இல்லாத பெண்களுக்குக் கடன் கொடுத்தால் வங்கி மூழ்கிவிடும் என்று பயந்தவர்கள் அன்று குறைவில்லை. குழுவில் பன்னிரண்டு முதல் இருபது பேர். அவர்களே சந்தா கட்டினார்கள். யாருக்குக் கடன், எதற்குக் கடன், எப்போது திருப்புவது என்று அவர்களே முடிவெடுத்துத் தீர்மான நோட்டில் எழுதினார்கள். பலர் அந்த நோட்டில்தான் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டார்கள். முதல் நாளே பணம், முதல் நாளே முடிவு. முடிவு பிசகினால் நட்டம் தங்கள் சந்தாவில். எந்த மலைவாசத்தலத்துக்கும் யாரும் கூட்டிப்போகவில்லை.

படி 8: தவறுகளை வரவேற்றல்

'தோல்வியைக் கொண்டாடுவோம்' என்று சுவரொட்டி ஒட்டுங்கள். தோற்றவரை மட்டும் வேறு ஊருக்கு மாற்றுங்கள். சுவரொட்டிக்கும் மாற்றல் உத்தரவுக்கும் இடையே குறைந்தது ஒரு வாரம் இருக்கட்டும்; ஒரே நாளில் செய்தால் நாகரிகமாக இருக்காது.

விதை வங்கிக்காரர்களுக்கு இந்த வசதி கிடையாது. மழை பொய்த்த ஆண்டில் விதை வாங்கியவர் திருப்ப முடியாமல் நின்றால், அவரை எங்கே மாற்றுவது? அவர் பக்கத்து வீட்டுக்காரர். நாளைக்கும் பக்கத்து வீட்டுக்காரர்தான். அவரும் பிழைக்க வேண்டும், வங்கியும் காலியாகக்கூடாது. அடுத்த போகம் வரை தவணை கொடுப்பதா, பாதியை விடுவதா, வேறு ஊரிலிருந்து விதை கேட்பதா என்று உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். தோல்வியிலிருந்து பாடம் கற்பது என்பது உண்மையில் இவ்வளவு அலுப்பான காரியம். சுவரொட்டி மலிவு.

படி 9: மதிப்பீடு

மலையிலிருந்து இறங்குவதற்கு முன்பே ஒரு படிவம் கொடுத்துவிடுங்கள். உணவு எப்படி? அறை எப்படி? பயிற்சியாளர் எப்படி? ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம்? டொனால்டு கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959லேயே பயிற்சியை நான்கு நிலைகளில் அளக்கச் சொன்னார்: பங்கேற்றவருக்குப் பிடித்ததா, எதையாவது கற்றாரா, வேலையில் நடத்தை மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் கிடைத்ததா. நாம் முதல் நிலையோடு நிற்பது மரபு. இரண்டாம் நிலைக்குத் தேர்வு வைக்க வேண்டும். மூன்றாம் நிலைக்கு ஆறு மாதம் பொறுக்க வேண்டும். நான்காம் நிலையை அளந்தால் அடுத்த ஆண்டு பயிற்சிக்கு நிதி கிடைக்காது.

பிறகு குழுப்படம். எல்லாரும் ஒரே நேரத்தில் குதிக்க வேண்டும். காற்றில் இருக்கும் நாற்பது பேரை யார் பார்த்தாலும் தலைவர்கள் என்றுதான் சொல்வார்கள்.

ஐயங்களும் தெளிவும்

ஐயம்: கொல்லிமலையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறீர்களா?

தெளிவு: அப்படிச் சொன்னால் மலையே சிரிக்கும். மரவள்ளி இறங்கிப் போய்விடவில்லை. சிறுதானியப் பரப்பு பழைய நிலைக்குத் திரும்பவும் இல்லை. திட்டங்கள் முடியும், நிதி நிற்கும், இயந்திரம் பழுதாகும். 2023ஐப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. அறிவித்ததால் நகரத்தில் சாமைப் பொங்கல் விலை ஏறியது; விளைவித்தவர் கைக்கு அதில் எவ்வளவு போனது என்பது வேறு கேள்வி. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று தமிழ்நாடு 2016ல் சட்டம் திருத்தியது. தலைவி நாற்காலிக்குப் பக்கத்தில் கணவரின் நாற்காலியும் போடப்படும் ஊராட்சிகள் மாநிலம் முழுக்க உண்டு. அதிகாரத்தைப் பெயருக்குக் கொடுக்கும் கலையில் நிறுவனங்கள் மட்டும் தேர்ந்தவர்கள் என்று நினைக்க வேண்டாம்.

ஐயம்: பயிற்சி வகுப்பே வீண்தானா?

தெளிவு: குழுப் பெண்களுக்கும் வகுப்பு நடந்தது. பேரேடு எழுதவும், வரிசை விதைப்புக்கும், இயந்திரத்தைக் கழற்றி மாட்டவும். வித்தியாசம் ஒன்றுதான்: கற்றதை மறுநாள் காலையில் செய்தாக வேண்டிய வேலை அவர்கள் கையில் இருந்தது. உங்கள் ஆட்களுக்கு மறுநாள் காலையில் காத்திருப்பது பழைய மேலாளர்.

ஐயம்: பழைய மேலாளருக்கும் பயிற்சி கொடுத்தால்?

தெளிவு: அவர் போன ஆண்டே சான்றிதழ் வாங்கிவிட்டார். அவர் மேசைக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது, பாருங்கள்.

குறுக்குவழி (பரிந்துரைக்கப்படுவதில்லை)

மேற்கண்ட ஒன்பது படிகளும் செலவு என்று தோன்றுகிறவர்களுக்கு மலிவான வழி ஒன்று உண்டு. உங்களுக்குக் கீழே வேலை செய்யும் ஒருவரிடம், தவறினால் உங்களுக்கும் வலிக்கும் அளவுக்கு ஒரு வேலையை ஒப்படையுங்கள். அதற்கான பணத்தையும் கையெழுத்துப் போடும் உரிமையையும் சேர்த்துக் கொடுங்கள். ஓராண்டு குறுக்கே போகாதீர்கள். கேட்டால் மட்டும் சொல்லிக் கொடுங்கள். அடுத்த ஆண்டு அதே பொறுப்பை வேறொருவருக்கு மாற்றுங்கள். ஆண்டு முடிவில் எல்லார் முன்னிலையிலும் கணக்கைப் படிக்கச் சொல்லுங்கள். அந்தக் கூட்டத்தில் உங்கள் கணக்கையும் படியுங்கள்.